ரெண்டாப்பும் ஒரு சுழியும்

எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது சரியாகக் காலை ஒன்பது மணிக்கு. ஒன்பது என்று சொன்னது சுவர்க்கடிகாரம். ஜப்பான்காரர்கள் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்கு ஓட விட்டிருந்தார்கள். நம் சூரியனுக்கும் சேவலுக்கும் அப்போது மணி ஏழரை. ஏழரை என்றால் என்னவென்று தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஏழரைக்கு வாசலில் வந்து நின்றவர்தான் ரெண்டாப்பு. பாடம் படிக்கப் பள்ளிக்கு வந்தவர்கள் உண்டு. கஞ்சி குடிக்க வந்தவர்கள் உண்டு. பாடப்புத்தகத்தைக் குறுக்கு விசாரணை செய்வதற்கென்றே நாற்பத்து மூன்றாம் வயதில் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர், கோலா பிலாவிலிருந்து தம்பின் வரைக்கும் தேடினாலும் இவர் ஒருவர்தான்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரெஜிஸ்டரில் அதை நானே எழுதியும் இருக்கிறேன். ஆனால் வகுப்பில் சேர்ந்த மறுநாளே தோட்டம் அவரை ரெண்டாப்பு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவர் பெண்சாதியே, "ரெண்டாப்பு வீட்ல இல்லைங்க, பள்ளிக்கூடம் போயிருக்கு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டுக்கு நெருப்புப் போடுகிற வேலையில் இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், ரப்பரை வாங்க ஆளில்லை, கொட்டகை குளிர்ந்துவிட்டது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதரின் காதில், இரண்டாம் வகுப்பில் படித்த மகள் செவந்தி சத்தம்போட்டு வாசித்த முதல் பாடம் விழுந்தது. "கண்ணன் விடியலில் எழுந்தான். பல் துலக்கினான். அம்மா பால் கொடுத்தாள். தங்கையோடு பள்ளிக்குச் சென்றான்."

"அவங்கப்பன் எங்க?" என்று கேட்டிருக்கிறார் ரெண்டாப்பு.

"அதெல்லாம் புஸ்தகத்துல இல்லப்பா. வேணும்னா வந்து வாத்தியாரய்யாவைக் கேளுங்க."

கேட்கத்தான் வந்தார். முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபத்தாறு பிள்ளைகளுக்கு நடுவில் என்னைக் கேட்டார்.

"வாத்தியாரய்யா, புஸ்தகம் பூரா பாப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். மாடு இருக்கு, நாய் இருக்கு, காக்கா இருக்கு, பக்கத்து வீட்டுக்காரன்கூட ஒரு பாடத்துல வந்து தண்ணி கேட்டுட்டுப் போறான். அப்பன் மட்டும் இல்ல. எங்க அவன்?"

"வேலைக்குப் போயிருப்பாரு" என்றேன்.

"எழுதலையே."

"எழுதாட்டி என்னய்யா, நாமதான் புரிஞ்சுக்கணும்."

"அப்ப திரும்பி வந்தான்னாவது எழுதணும்ல? கடைசிப் பாடம் வரைக்கும் வரலையே. அந்தப் புள்ளை தேடாதா?"

பதில் வரும் வரை காத்திருக்கிறேன் என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசிப் பெஞ்சு ஏனென்றால், முன்னால் உட்கார்ந்தால் அவர் தலை கரும்பலகையில் பாதியை மறைத்துவிடும். முதல் பெஞ்சில் அவர் மகள், கடைசிப் பெஞ்சில் அவர். அதற்குப் பிறகு அவரை எழுப்ப என்னால் முடியவில்லை.

பத்து நாளில் தமிழ் எழுத்துகளைப் பிடித்துவிட்டார். எழுதத் தெரிந்ததும் வந்தது வினை. 'என் குடும்பம்' என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். அவர் சிலேட்டில் இருந்தது இது: "என் குடும்பம் சிறியது. கிழங்கு அதைவிடச் சிறியது. என் மனைவி நல்லவள், பசிக்காதபோது. என் மகள் வகுப்பில் முதல், நான் கடைசி. ஆகவே எங்கள் குடும்பம் வகுப்பு முழுவதும் பரவியிருக்கிறது."

இதையாவது சிரித்துவிட்டுத் தாண்டலாம். 'பசு' என்ற தலைப்புக்கு அவர் எழுதியதை அப்படித் தாண்ட முடியவில்லை. "பசு பால் தரும். எங்கள் தோட்டத்துப் பசுவை லோரியில் வந்தவர்கள் அழைத்துப் போனார்கள். எப்போது திரும்பும் என்று சொல்லவில்லை." எச்சிலைத் தொட்டு என் மேல்துண்டாலேயே சிலேட்டைத் துடைத்தேன்.

"தப்பா எழுதிட்டேனா?"

"சரியா எழுதிட்டீரு. அதான் துடைக்கிறேன்."

தினமும் காலையில் நாங்கள் டோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும். எந்தத் திசை என்று எனக்கும் திட்டமாகத் தெரியாது. வடகிழக்கு என்று குத்துமதிப்பாகக் காட்டியிருந்தேன். அந்தப் பக்கம் கங்காணியின் கோழிக்கூண்டு இருந்தது. ஒருநாள் குனிந்து நிமிர்ந்தபோது கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "கங்காணி கோழி என்ன புண்ணியம் பண்ணுச்சோ, வாங்குற கும்பிடு சாமிக்குக் கிடையாது." இருபத்தாறு பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். அந்தக் காலத்தில் நான் செய்த முக்கியமான வேலை அதுதான்.

தமிழோடு ஜப்பான் எழுத்தும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அதற்காக என்னைச் சிரம்பானுக்கு அனுப்பி மூன்று மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அங்கே நான் கற்ற அரைகுறை நிப்பொங்கோ பாஷையைப் பிள்ளைகளுக்குக் கால்குறையாகக் கொடுத்தேன். ரெண்டாப்புவிடம் போய்ச் சேர்ந்தது முப்பது சொல்.

அவருக்கும் ஜப்பான் எழுத்துக்கும் ஓர் இடத்தில் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அவர்களுடைய 'ஹெ' எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால், 'கம்பு' என்னும்போது வருகிற மாதிரி கனத்த 'பெ' ஆகிவிடும். கோட்டுக்குப் பதில் சின்னச் சுழி போட்டால், 'பெட்டி' என்னும்போது வருகிற மெல்லிய 'பெ'. ரெண்டாப்பு கோடு போடவேண்டிய இடத்தில் சுழி போடுவார், சுழிக்குக் கோடு. பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்தேன். ஏறி நின்றால் தலை கூரையைத் தொடும். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வாதாடுவார்.

"நம்ம 'ப'வுக்குக் கோடும் இல்ல, சுழியும் இல்ல. ரெண்டு சத்தமும் தானா வருது. இவ்வளவு பெரிய கப்பல் வச்சிருக்கான், ஒரு 'ப'வுக்கு ரெண்டு தொப்பி போட்டுத்தான் ஓட்ட முடியுதா?"

முதல் பெஞ்சிலிருந்து செவந்தி திரும்பாமலே சொல்வாள். "அப்பா, பேசாம நில்லுங்க. நாளைக்கும் நிப்பீங்க."

அந்த எழுத்தில் 'ல' கிடையாது, 'ர'தான். 'வே' கிடையாது, கனத்த 'பே'தான். இதைக் கண்டுபிடித்ததும் ரெண்டாப்புக்குக் கொண்டாட்டம். தோட்டத்தில் உள்ள பெயர்களை எல்லாம் வீட்டுத் தரையில் கரிக்கட்டையால் ஜப்பானாக்கிப் பார்த்தார். லெட்சுமி ரெட்சுமி ஆனாள். காளி காரி ஆனாள். என் மகன் வேலு, பேரு ஆனான்.

என் ஒரே பிள்ளை அவன். அப்போது பதினெட்டு வயது. தண்ணீர்க் குழாயடியில் அவனைப் பார்த்தால் ரெண்டாப்பு விடமாட்டார்.

"தம்பி, உன் பேரு என்ன?"

"வேலு."

"அது தமிழ்லப்பா. ஜப்பான்ல உன் பேரு?"

"பேரு."

"அதான் கேக்குறேன், பேரு என்ன?"

"போங்க மாமா, தண்ணி புடிக்கணும்" என்று வேலு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எனக்கு இது பிடிக்காது. பிள்ளையின் பெயரை ஊர் வாயில் போட்டு மெல்லக் கூடாது என்று நினைத்தேன். பெற்றவன் பயம்.

பயம் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை. ஒரு சாயங்காலம், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். துரை போன பிறகு தோட்டத்தை ஜப்பான்காரர்களுக்காகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். கையில் ஒரு தாள். சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். கல்யாணமாகாத ஆண்கள் பன்னிரண்டு பேர். நாளைக் காலை லோரி வரும். பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தார். அதை ஜப்பான் எழுத்தில் நான் மாற்றித் தர வேண்டும். வீட்டு வரிசைப்படி எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்து வீடுதான் ஒன்றாம் நம்பர். முதல் பெயர் வேலு.

சயாமுக்குப் போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பியதில்லை. கடிதம்கூட வந்ததில்லை.

"கிராணியாரே" என்றேன்.

"என் தம்பி மகனும் அதுல இருக்கான் வாத்தியாரே. பாருங்க, ஏழாவது. ஒரு தலை குறைஞ்சா நீங்களும் நானும் ஏறணும். வயசு, வீட்டு நம்பர் ஒண்ணும் வேணாமாம். வரிசையா பேர் மட்டும் எழுதுங்க."

அவர் வெளியே நின்றார். நான் எழுதினேன். படித்த படிப்புக்கெல்லாம் பலன், என் பிள்ளையை என் கையாலேயே எழுதிக்கொடுப்பது. முதல் வரியை முடிக்கும்போது ஜன்னலில் நிழல் தட்டியது. ரெண்டாப்பு, சிலேட்டைக் காட்ட வந்திருந்தார். எக்கி நின்று, என் தோளுக்கு மேலாகத் தாளை எழுத்துக்கூட்டினார்.

"பே... ரு. பேரு." என் முகத்தைப் பார்த்தார். "என்ன வாத்தியாரய்யா, தலைப்பு எழுதியிருக்கீங்களா?"

எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது. வீட்டில் இழவு விழுந்திருக்கும்போது வாசலில் வந்து வேடிக்கை பேசுகிற மனிதர் என்று நினைத்தேன். டஸ்டரைத் தூக்கி எறிந்தேன். அவர் நெற்றியில் பட்டது. நெற்றியைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள், ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து ஆண்கள் எல்லாரும் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். லோரி பின்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. என் மனைவி ஒரு துணிமூட்டையில் வேலுவின் சட்டையும் அவித்த கிழங்கும் கட்டிக் கையில் வைத்திருந்தாள். லோரியில் வந்த ஜப்பான் அதிகாரி என் தாளைப் பிரித்து முதல் வரியை வாசித்தார்.

"பேரு."

முன்வரிசையில் நின்ற கிழவர் கையைக் கட்டிக்கொண்டார். "மாரிமுத்துங்க."

அதிகாரி தாளைப் பார்த்தார். "பேரு."

"அதாங்க, மாரிமுத்து. அப்பன் பேரு கேக்குறீங்களா? பழனியாண்டிங்க."

அதிகாரியின் கழுத்து சிவந்தது. பக்கத்து ஆளின் முகத்துக்கு நேரே போய், "பேரு" என்றார்.

"எனக்குச் சின்னப்பனுங்க. மாமனாரு வச்சது. அதுக்கு முந்தி வேற."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் கை இடுப்புப் பட்டையில் தொங்கிய வாள்பிடிக்குப் போனது. மூன்றாம் வரிசையில் நின்ற என் பிள்ளைக்கு மட்டும் தெரியும், அது தான்தான் என்று. தன்னால் அந்தக் கிழவர் அடிபடுவாரே என்று அவன் வலது காலை முன்னால் எடுத்து வைக்கப் போவதை நான் பார்த்தேன். இன்றும் தூக்கத்தில் அந்தக் காலைப் பார்க்கிறேன்.

வாத்தியாரைக் கூப்பிடும் ஜப்பான் சொல்லில், "சென்சே" என்று ஒரு குரல். பின்வரிசையில் ரெண்டாப்பு, வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கியிருந்தார். நெற்றியில் டஸ்டர் பட்ட இடம் வீங்கியிருந்தது. மறு கையில் சிலேட்டு. யாரையும் கேட்காமல் முன்னால் நடந்து வந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, தன் முப்பது சொற்களில் நாலைந்தை எடுத்துச் செலவு செய்தார்.

"பேரு, நமாயெ. நமாயெ, பேரு. ஒனாஜி." பேரு என்றால் பெயர், இரண்டும் ஒன்று என்று அர்த்தம். பிறகு கூட்டத்தைச் சுற்றிக் காட்டி, "பேரு, ஹித்தோ நை." பேரு என்று ஆள் இல்லை. தாளின் முதல் வரியில் விரலை வைத்து, உச்சியில் கோடு கிழிப்பதுபோலக் காட்டினார். தலைப்பு.

அதிகாரி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ரெண்டாப்பு அதோடு நிற்கவில்லை. சிலேட்டில் அந்த எழுத்தை இரண்டாக எழுதினார். ஒன்றுக்குக் கோடு, ஒன்றுக்குச் சுழி. 'பேரு' என்பதற்குச் சுழிதான் வரவேண்டும், தாளில் இருப்பது கோடு என்று தட்டிக் காட்டினார். அவர் வாழ்க்கையில் அந்த இரண்டும் தத்தம் இடத்தில் சரியாக விழுந்தது அன்றைக்குத்தான். பிறகு திரும்பி, தோட்டம் முழுவதும் பார்க்க, என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"சென்சே, பகெரோ."

பகெரோ என்றால் முட்டாள். மலாயாவில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை.

அதிகாரி என்னிடம் வந்தார். சுழி போட வேண்டிய இடத்தில் கோடு போட்டாயா என்று கேட்டார். "ஹாய்" என்றேன், ஆமாம். நான் தலைப்புத்தான் எழுதினேன், பிழையாக எழுதிவிட்டேன், எனக்குச் சரியாக எழுத வராது. விழுந்தது ஓர் அறை. இடது காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது. எத்தனையோ பேர் என் கையெழுத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டபோது பட்ட சந்தோஷம் அதில் ஒன்றிலும் கிடைத்ததில்லை. அதிகாரி பென்சிலை எடுத்து என் பிள்ளையின் மேல் ஒரு கோடு கிழித்தார். வேலுவின் கால் பழைய இடத்துக்குப் போனது.

நான் கணக்கில் விட்ட ஒன்றை அதிகாரி விடவில்லை. மிச்ச வரிகளை எண்ணினார். பதினொன்று. வேண்டியது பன்னிரண்டு. தலையைத் தூக்கியபோது அவர் எதிரில், சிலேட்டோடு, நிப்பொங்கோ பேசியபடி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"சூயாகு" என்றார் அதிகாரி. மொழிபெயர்ப்பாளர்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி மாணவருக்கு, பெஞ்சுமேல் நிற்பதில் மட்டும் முதலிடம் வாங்கியவருக்கு, சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்டது. ரெண்டாப்புவே ஒரு கணம் திகைத்துத்தான் போனார். அவர் பெண்சாதி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள். என் மனைவி கையிலிருந்த துணிமூட்டையை அவரிடம் கொடுத்தாள். சட்டை அவருக்குப் பத்தாது என்று அவளுக்குத் தெரியும், வேறு என்ன கொடுப்பது. லோரியில் ஏறி உட்கார்ந்தபின் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வாத்தியாரய்யா, ஆப்சென்ட் போட்டுறாதீங்க. வேலைக்குத்தான் போறேன்."

அன்று முதல் ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே வந்தார் என்றே போட்டேன். பொய்தான். செவந்தி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த எனக்குத் தைரியம் இருந்ததில்லை; அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்து நடத்தினேன். அடுத்த வருஷத்து இரண்டாம் வகுப்புக்குக் கண்ணன் பாடத்தை நான் எடுக்கவில்லை. நேரே இரண்டாம் பாடத்துக்குப் போனேன். வேலு மட்டும் தினமும் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினான். நான் சொல்லவில்லை.

சண்டை முடிந்தது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினோம். போன மற்ற பதினொரு பேரில் முதலில் திரும்பி வந்தது கிராணியின் தம்பி மகன். எலும்பும் கண்ணுமாக இருந்தான். அவன் சொல்லித்தான் ரெண்டாப்பு அங்கே உத்தியோகம் பார்த்த லட்சணம் தெரிந்தது.

"ஜப்பான்காரன் அரை மணி நேரம் கத்துவான் வாத்தியாரய்யா. மாமா நிதானமா கேட்டுட்டு, 'ஐயாவுக்கு வீட்ல ஏதோ சண்டை போல. குனிஞ்ச தலை நிமிராதீங்கப்பா'ன்னு சொல்லும். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. எங்களுக்கு அது போதும். காய்ச்சல்காரனை வேலைக்கு இழுத்தா, இவனுக்கு வந்திருக்கிறது ஒட்டுற நோவுன்னு அவங்கிட்ட ஏதாவது சொல்லிரும். ரெண்டு பேரை அப்படிப் படுக்க வச்சே காப்பாத்துச்சு. ஒருநாள் புடிபட்டுச்சு. கால்ல அடிச்சு, அது புண்ணாகி... நாங்க கிளம்புறப்ப ஆஸ்பத்திரிக் கொட்டகையில கிடந்துச்சு. பேச்சு இல்ல."

அதற்குப் பிறகு மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. ரெண்டாப்பு பற்றி யாருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் விடாமல் வந்தார், வந்தார் என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலு இப்போது தம்பினில் லோரி ஓட்டுகிறான். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, பிள்ளை பார்த்து எடுத்தது அது. லோரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து போய் அவன் எங்கே என்று பார்க்கிறேன். அவன்தான் ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தாலும் பார்க்கிறேன்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து வந்த அந்த ஒரு நாளுக்கு மணி சொல்லத் தெரியவில்லை. வெயில் வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் வரப்போகிறார் என்று எல்லாப் பாடத்தையும் ஒழுங்காக முடிக்க வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல் இரண்டாம் வகுப்புக்குக் கண்ணனை எடுத்தேன். ஒரே அறையில்தான் எல்லா வகுப்பும். நான்காம் வகுப்பு வரிசையின் முதல் பெஞ்சில் செவந்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ராகம் போட்டு வாசித்தார்கள். அம்மா பால் கொடுத்தாள் என்ற இடத்தில் செவந்தியின் பென்சில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள்.

ஓர் ஆள் கம்பு ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் தரையில் சரியாகப் படவில்லை. வயிறு வீங்கி, முகம் பாதியாகி, தலையில் முடியே இல்லை. போட்டிருந்த சட்டை வேலுவுடையது. அது இப்போது அவருக்குத் தொளதொள என்று இருந்தது.

செவந்தி ஓடவில்லை. முதல் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். தலை மறைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் மெதுவாக வந்து உட்கார்ந்து, காலை நீட்டி வைத்து, மகளின் புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாத்தியாரய்யா, அந்தக் கண்ணனோட அப்பன் வேலையிலேருந்து வந்துட்டான்னு எழுதிக்குங்க."